மூன்று மொழிப் பலகை எழுத ஹட்டனில் ஒரு கடை

போன வருடம் ஒன்பது பலகை எழுதுவதற்காக ஹட்டனில் ஒரு கடைக்கு ஐந்து வாரம் நடந்தேன். இரண்டு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கிய வேலை அது. அப்படியிருந்தும் இனிமேல் என் கைக்கு வரும் பலகை வேலை எல்லாம் அந்தக் கடைக்குத்தான். இலங்கை மலையகத்தில் பலகை வைக்கப் போகிற கோயில், பாடசாலை, தோட்டம் எதற்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றி இரண்டு வரி. பழைய பங்களாக்களும் தோட்டங்களும் தங்கள் வரலாற்றை வருகிறவர்களுக்குச் சொல்ல ஆசைப்படும்போது, எதைச் சொல்வது, யாரைக் கேட்டுச் சொல்வது, எந்தச் சொல்லில் எழுதுவது என்று கூட இருந்து பார்த்துக் கொடுப்பேன். பொது வரலாற்று ஆலோசகர் என்று அட்டையில் போட்டிருக்கிறேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தார்.

இந்த முறை வேலை கொடுத்தது டிக்கோயாப் பக்கம் பங்களா ஒன்றை விடுதியாக மாற்றியவர்கள். விருந்தினர் காலையில் தோட்டத்துக்குள் ஒரு சுற்று நடந்து வர வேண்டும், வழியில் வரலாற்றுப் பலகைகள் இருக்க வேண்டும் என்றார்கள். அவர்களே ஒரு வரைவும் வைத்திருந்தார்கள். முதல் பலகை இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது பற்றி. இரண்டாவது பங்களாவைக் கட்டிய துரை பற்றி. மூன்றாவது இன்னொரு துரை பற்றி. லூல்கந்துரா இருப்பது கண்டி மாவட்டத்தில், ஹேவாஹெட்டப் பக்கம். இந்தத் தோட்டத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. இங்கே நின்று பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை, கொழுந்து நிறுக்கும் மடுவம், ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம், பிள்ளை பார்க்கும் பிள்ளைக்காம்பரா, கோயில், லயம் எதுவும் அந்த வரைவில் இல்லை. மூன்று மாதம் இருபத்தேழு பேரிடம் பேசி, அதையெல்லாம் சேர்த்து ஒன்பது பலகைக்கு எழுதி முடித்தேன். அப்புறம் அதை எங்கே எழுதுவிப்பது என்ற கேள்வி.

இதற்கு முந்திய ஒரு வேலையை கொழும்பில் பெரிய அச்சகம் ஒன்றில் கொடுத்திருந்தேன். பளபளவென்று வந்தது. பிரித்துப் பார்த்தால் தமிழ் உடைந்து கிடந்தது. "கொழுந்து" என்பதில் கொம்பு, ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் வட்டத்தோடு தொங்கியது. "தோட்டம்", "கோயில்", "பெண்கள்" எல்லாவற்றிலும் அதே கதி. யுனிகோடில் அனுப்பிய எழுத்தைப் பழைய மென்பொருளில் அப்படியே ஒட்டினால் எழுத்துகள் சேராது. வடிவமைத்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் அவர் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியவில்லை. திருத்தி அனுப்பச் சொன்னேன். திருத்தி வந்ததில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது, பாதி பழையது. தமிழ் இந்த நாட்டில் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு அரசகரும மொழியானது. ஆனால் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், றோட்டோரத்தில் பிழைத் தமிழைப் பார்த்துப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. பலகையில் நம் மொழி உடைந்திருந்தால், பக்கத்தில் எவ்வளவு நல்ல வரலாறு எழுதியிருந்தாலும் அது நமக்காக எழுதியதில்லை என்று வாசிக்கிறவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சரி, கடைக்கு வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். இருப்பது மூன்று பேர், வேலை குவிந்தால் செய்ய ஆளில்லை. ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. புடவைக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் படியிறங்கினால் டர்பன்டைன் வாசம் வரும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். கையால் எழுதுகிற அண்ணன் என்று கேட்டாலும் காட்டிவிடுவார்கள். அண்ணன் தமிழும் ஆங்கிலமும் எழுதுவார். சிங்களம் எழுதுபவர் கினிகத்தேனையிலிருந்து வருகிறார், இருபது வருடமாக அங்கேதான் வேலை. அண்ணனின் மகள் கொம்பியூட்டரில் அமர்ந்து அளவு போடுவாள்.

முதல் நாள் ஒன்பது பக்கத்தையும் கொடுத்தபோது, எத்தனை அடி, என்ன நிறம் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். முழுவதையும். நடுவில் பெயர்ப்பலகை கேட்டு வந்த முச்சக்கரவண்டித் தம்பியை உட்கார வைத்துவிட்டு வாசித்தார். அப்புறம் பென்சிலை எடுத்தார்.

"மிஸ், இது தோட்டத்து ஆளுங்களும் வாசிக்கிறதுக்குத்தானே?"

"ஆமா அண்ணே."

"அப்ப ஏன் 'குழந்தைகள் பராமரிப்பு நிலையம்'னு எழுதியிருக்கீங்க? பிள்ளைக்காம்பரான்னு போடுங்க. இல்லாட்டி வாசிக்கிற பாட்டி இது என்னமோ ஆஸ்பத்திரின்னு நினைச்சுக்கும்."

அது விடுதிக்காரர்களின் வரைவிலிருந்து நான் மாற்றாமல் விட்ட சொல். அவர் அதோடு நிற்கவில்லை. "தேயிலை பறித்தல்" என்று ஓரிடத்தில் இருந்ததை "கொழுந்தெடுத்தல்" ஆக்கச் சொன்னார். தேயிலை பறிப்பது என்று சொல்பவர் மலைக்கு வெளியே இருப்பவர், மலையில் எடுப்பது கொழுந்துதான். "நாற்றுமேடை" தவறணை ஆனது. "பிரிவு" கணக்கு ஆனது. மேக்கணக்கு, பணிய கணக்கு என்று சொல்லித்தான் அந்தத் தோட்டத்தில் வழி கேட்பார்கள். ஊர்ப் பெயருக்கும் சண்டை வந்தது. நான் ஒரு பக்கத்தில் ஹட்டன் என்றும் இன்னொன்றில் அட்டன் என்றும் எழுதியிருந்தேன். இரண்டையும் எழுதுகிறவர்கள் உண்டு, ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் என்றார். ஒன்றரை மணி நேரம் போனது. அந்தச் சொற்களுக்கு அவர் ஒரு ரூபாய் கூடச் சேர்த்து வாங்கவில்லை.

வெளியாருக்கு விளங்காதே என்று விடுதி மெனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரட்டுக்களம் என்ற சொல்லை மூன்று மொழியிலும் அப்படியே வைத்து, கீழே ஒரு வரியில் விளக்கினோம்: விடியற்காலையில் தப்படித்து ஆட்களை எழுப்பி, இங்கே வரிசையில் நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். விருந்தினர் இப்போது அந்தச் சொல்லை உச்சரித்துப் பார்க்கிறார்கள் என்று மெனேஜரே சொன்னார்.

நான்காவது பலகையில் நடந்ததுதான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. அந்தப் பலகை லயத்து முனைக்கு. தோட்டத்தை நடத்தியவர்கள் யார் யார் என்று வேலைவாரியாக எழுதியிருந்தேன். துரையில் ஆரம்பிக்கவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள், கவ்வாத்து வெட்டும் ஆட்கள், கான் (வடிகால்) வெட்டுபவர்கள், ஸ்டோர்காரர்கள், டீமேக்கர், கங்காணி, கணக்கப்பிள்ளை, பிள்ளைக்காம்பரா ஆயா, கடைசியில் துரை. அந்த வரிசையே எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவரையும் விடவில்லை என்று நம்பினேன்.

அண்ணன் தகரத்தில் சுண்ணாம்பு நூலைப் பிடித்துக் கோடு தட்டிக்கொண்டிருந்தார். நூலை விட்டுவிட்டு காகிதத்தைத் திரும்ப எடுத்தார்.

"இதுல ஒரு ஆள் குறையுதுங்க."

"யாரு அண்ணே?"

"வாசக்கூட்டி."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்க தாத்தா வாசக்கூட்டி. லயத்துக் கான், கக்கூஸ், பங்களா வாசல் எல்லாம் அவருதான். தோட்டத்துல மத்தவங்களுக்கெல்லாம் பேர் இருந்துச்சு. அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க."

இருபத்தேழு பேரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வளர்ந்த லயத்திலும் ஓடைக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு சின்ன வரிசை இருந்தது. அங்கே விளையாடப் போகாதே என்று பாட்டி சொன்னதும் நினைவில் இருக்கிறது. துரை எங்களை ஒதுக்கினார் என்று பேசுவது எனக்குச் சுலபம். லயத்துக்குள் நாம் யாரை ஒதுக்கினோம் என்பதைக் கேட்பதற்கு ஒரு பலகைக் கடை தேவைப்பட்டது. எல்லோரையும் சேர்த்த வரலாறு என்று கூட்டங்களில் பேசுகிறவள் நான். அன்றைக்கு அது நெஞ்சில் தைத்தது.

பலகையை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுநாள் தோட்டத்துக்குத் திரும்பப் போனேன். ஓடைப் பக்கத்து லயத்தில் இரண்டு குடும்பம் இருக்கிறது. பிள்ளைகள் கொழும்பில் வேலை. வயதான அம்மா ஒருவர் தேங்காய் துருவிக்கொண்டே பேசினார். தன் மாமனார் வாசக்கூட்டி, விடியற்காலை தப்படித்ததும் அந்த வீட்டு ஆட்கள்தான் என்றார். தோட்டமே அவர்கள் அடித்த சத்தத்தில்தான் எழுந்தது, ஆனால் திருவிழாவில் அவர்கள் கடைசியில்தான் நிற்க வேண்டும். இதைப் பலகையில் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் துருவினார். "வேலையை எழுதுங்க. சாதியை எழுதாதீங்க. எங்க பேரையும் எழுதாதீங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் காட்சி இருக்கு" என்றார்.

தோட்டத் தலைவருக்கு இதில் விருப்பமில்லை. பழசைக் கிளறுவானேன் என்றார். அவரோடும் கோயில் கமிட்டியோடும் இரண்டு மாலை உட்கார்ந்து பேசினேன். கடைசியில் அந்த அம்மா சொன்னபடியே எழுதுவது என்று முடிவானது. இப்போது நான்காவது பலகையில் இருக்கும் வரி இது: "லயங்களையும் கான்களையும் நாள்தோறும் துப்புரவாக வைத்திருந்தவர்களைத் தோட்டத்தில் வாசக்கூட்டி என்று அழைத்தார்கள். விடியற்காலை தப்படித்துத் தோட்டத்தை எழுப்பியவர்களும் அவர்கள் வீட்டாரே." அண்ணன் அந்த வரியை மற்ற வரிகளின் அளவிலேயே எழுதினார். பெரிதாக்கவுமில்லை, சின்னதாக்கவுமில்லை.

அளவு என்றதும் இன்னொன்று. மூன்று மொழிப் பலகைகளைக் கவனித்துப் பாருங்கள். அதே செய்தி தமிழில் எழுத நீளம் கூடும். இடம் போதாமல் தமிழை மட்டும் நசுக்கியிருப்பார்கள். சிங்களம் இரண்டு அங்குலம், ஆங்கிலம் இரண்டு அங்குலம், தமிழ் ஒன்றேகால் என்று நிற்கும். இந்தக் கடையில் அது நடக்காது. தமிழ் வரிக்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அதை முதலில் அளந்துவிட்டு, தகரத்தை அதற்கேற்ப வெட்டுகிறார்கள். நான் சொன்ன 3 அடி அகலம் 3 அடி 8 அங்குலமானது அப்படித்தான். எழுத்து உயரம் மூன்று மொழிக்கும் ஒன்று.

எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதிப்பார். கல்வனைஸ் தகரத்தைக் கழுவி, உப்புத்தாள் போட்டு, அடிப்பூச்சு இரண்டு தடவை, அதன் மேல் கடும்பச்சை எனாமல். பிறகு சுண்ணாம்பு நூல் கோடு. இடது கையில் நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு குச்சி. அதைத் தகரத்தில் சாய்த்து, அதன் மேல் வலது கை மணிக்கட்டை வைத்துக்கொள்வார், கை நடுங்காது. ழகரத்தை எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். மேலிருந்து இறங்கி, வளைந்து, அடியில் அந்தச் சுழிக்கு வரும்போது தூரிகையை விரலிடையில் உருட்டுகிறார். பெயின்ட் விளிம்பு கத்தி வைத்து வெட்டியது போல் நிற்கிறது. "கொழுந்து" என்ற ஒரு சொல்லுக்கு நான்கு நிமிடம். கொம்பு ககரத்துக்கு முன்னால், அது இருக்க வேண்டிய இடத்தில்.

கோயில் பலகைக்கு வேறு ஒன்று செய்தார். அந்தக் கோயில் முகப்பில் பழைய உபயகாரர் பலகை ஒன்று இருக்கிறது. ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போட்ட பழைய எழுத்தில். தமிழ்நாட்டில் 1978இல் அந்த வடிவங்களை மாற்றினார்கள், நம் பக்கத்தில் அதற்குப் பின்னும் நிறைய நாள் எழுதினார்கள். அண்ணன் தோட்டத்துக்கே வந்து அந்தப் பலகையில் மெல்லிய தாளை வைத்துப் படியெடுத்தார். புதிய பலகையின் தலைப்பை அதே துதிக்கையோடு எழுதினார். கோயில் பூசாரி ஐயா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

சிங்களப் பகுதிக்கும் ஒரு வார்த்தை. ஏழாவது பலகை தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிராமம் பற்றியது. 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலத்தையும் அரசின் நிலமாக எடுத்துக்கொண்டது. மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் அப்படிக் கிடைத்த நிலங்களில் எழுந்தவை. 1869இல் இலைநோய் வந்து காப்பி அழியத் தொடங்கி, பின்னால் தேயிலை வந்தது. காப்பிக்கு ஆட்கள் பருவத்துக்கு வந்து போனார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க வேண்டும், அதனால்தான் நம் குடும்பங்கள் லயத்தில் நிலைத்தன. கிராமத்தார் இழந்ததையும் நாம் வந்து சேர்ந்ததையும் ஒரே பலகையில் வைத்தால்தான் கதை முழுமையாகும் என்று நினைத்தேன். கினிகத்தேனைக்காரர் என் சிங்கள வரைவை வாசித்துவிட்டு, இது கந்தோர்ச் சிங்களம், கிராமத்தில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றார். சேனையை அவர் பாட்டன் எப்படிச் சொல்வார் என்று யோசித்து இரண்டு வரியை மாற்றித் தந்தார். திறந்துவைத்த அன்று கிராமத்திலிருந்து ஏழெட்டுப் பேர் மேலே ஏறி வந்தார்கள். அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்கள்.

இனி ஒன்பதாவது பலகை. தலைப்பு "போனவர்கள்". 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தோட்ட மக்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களானது, 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது, மிச்சமிருந்தவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுத்தது எல்லாம் ஆறு வரியில். கூடவே இந்தத் தோட்டத்திலிருந்து போன குடும்பங்கள் இப்போது நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பது.

இந்தப் பக்கத்தை வாசித்ததும் அண்ணன் உள்ளே போய் ஒரு பழைய தூரிகையை எடுத்து வந்தார். முடி எல்லாம் உதிர்ந்த கட்டை. பதின்மூன்று வயதில் அவர் முதலில் எழுதியது பலகையில் இல்லை, தகரப் பெட்டியில். இந்தியாவுக்குப் போகிற குடும்பங்கள் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறும் முன்னால், பெட்டி மாறிப் போகாமல் இருக்கப் பேரும் ஊரும் எழுதித் தரச் சொல்வார்களாம். ஒரு பெட்டிக்கு ஐம்பது சதம். குடும்பத் தலைவர் பேர், தோட்டத்துப் பேர், கீழே "மண்டபம்", இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊர். "மண்டபம்னு எத்தனை வாட்டி எழுதியிருப்பேன்னு தெரியாது மிஸ். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை" என்றார். கூடப் படித்த பையனின் பெட்டிக்கும் அவரே எழுதினாராம். அந்த எழுத்துக்குக் காசு வாங்கவில்லை. இந்தப் பலகைக்கும் வாங்க மாட்டேன் என்றார், எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

விடுதிக்காரர்கள் எட்டுப் பலகையை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பதாவதை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஓய்வுக்கு வருகிறவர்களுக்கு அரசியல் எதற்கு என்பது அவர்கள் பக்கம். வாசக்கூட்டி வரிக்குச் சம்மதித்தவர்கள், கிராமத்து நிலத்துக்குச் சம்மதித்தவர்கள், இதில் நின்றுவிட்டார்கள். நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், விடமாட்டேன். விருந்தினர் கேட்கும் முதல் கேள்வியே நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், ஏன் சொந்த வீடில்லை என்பதுதான், அதற்குப் பதில் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. றம்பொடையில் பழைய பீகொக் தோட்டத்தில் லயத்தையே அருங்காட்சியகமாக்கி 2007இலிருந்து நடத்துகிறார்கள். அடுத்த பேச்சுக்கு முன்னால் மெனேஜரை அங்கே கூட்டிப் போகப் போகிறேன். வெளிநாட்டார் அங்கே வந்து எதைக் கேட்கிறார்கள் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

ஒன்பதாவது பலகை இப்போது கடையில், கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. காத்திருக்கிறவர்கள் வாசிக்கிறார்கள். நான் கடைசியாகப் போன நாள், வாகன இலக்கத்தகடு எழுத வந்த ஒருவர் அதன் முன்னால் குந்தியிருந்து, தன் சித்தப்பா குடும்பம் கோத்தகிரியில் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. நேரம் பெரிய குறை. ஆடி மாத மழையிலும் பனியிலும் எனாமல் காய்வதில்லை, அது அவர் பிழையல்ல. ஆனால் அது அவருக்கு முன்னமே தெரியும், இரண்டு வாரம் என்று சொல்லியிருக்கக் கூடாது. தொலைபேசியை எடுக்க மாட்டார். வட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பினால் பதில் வரும், அதுவும் இரவு எட்டுக்கு மேல். ஒழுங்கான பில் கிடையாது. சிட்டையில் எழுதித் தருவதை விடுதிக் கணக்காளர் ஏற்கவில்லை, அதற்காக நான் ஒரு கடிதம் தயாரித்துக் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை வந்தது. காட்டியதும் முகம் சுளிக்காமல் அந்த வரியை முழுதாகத் தேய்த்து எழுதினார், ஆனால் அதற்கு இன்னும் மூன்று நாள். ஆங்கிலத்தை நீங்களே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளெக்ஸ் வேலையும் செய்கிறார்கள். அதற்காக அங்கே போக வேண்டாம், எல்லா இடத்திலும் கிடைப்பதுதான் அங்கேயும். மலையில் ஃபிளெக்ஸ் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது. காற்றில் ஓரம் கிழியும், வெயிலில் சிவப்பு முதலில் போகும். கையெழுத்துப் பலகைக்கு எனக்கு ஒன்று 14,500 ரூபாய் ஆனது, தகரம், சட்டம், மூன்று மொழி எழுத்து எல்லாம் சேர்த்து. கொழும்பில் கேட்ட விலை 22,000, கொண்டு வரும் லொறிக் கூலி வேறு. பொருத்துவதற்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். துருப்பிடிக்காத ஆணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண ஆணி போட்டால் ஆறு மாதத்தில் பலகையில் சிவப்புக் கோடு இறங்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எழுத வேண்டியதை யுனிகோடில் தட்டி, காகிதத்தில் அச்செடுத்தும் கொண்டு போங்கள், அண்ணன் காகிதத்தில்தான் வாசிப்பார். காலையில் பத்துக்கு முன்னால் போனால் பேச நேரம் கிடைக்கும். தோட்டத்துச் சொற்களில் சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மாசி, பங்குனியில் தோட்டத் திருவிழாப் பலகைகள் நிறைந்துவிடும், அப்போது அவசர வேலை கொடுக்காதீர்கள். ஞாயிறு பூட்டு. சொல்கிற நாளோடு மூன்று வாரத்தைக் கூட்டிக்கொண்டு உங்கள் திறப்பு விழாவுக்கு நாள் குறியுங்கள்.